அஞ்சாம் நம்பர் அட்டை

எத்தனாம் நம்பர் குடுத்தாங்க உங்களுக்கு? அஞ்சா?

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அஞ்சேதானுங்களா? சரி விடுங்க, உங்களைச் சொல்லி என்ன பண்றது. அந்தோணிராஜு வேணும்னுதான் குடுத்திருப்பான். நாலாம் நம்பர்ல நான் படுக்கறேன்னு தெரிஞ்சே பக்கத்துல ஆளைப் போடறான் பாருங்க. நாலு மாசமா ஞாயித்துக்கிழமை வெடியக்காலைல அஞ்சாம் நம்பர் காலியாத்தான் கெடக்குது. இத்தனை பெரிய துப்பாக்கி ரேஞ்சுல உங்களுக்கு வேற எடமே இல்லாமப் போச்சாக்கும்.

உக்காருங்க. இன்னும் நேரமாகும். சிவப்புக் கொடி ஏத்தோணும், அட்டை மாட்டோணும், அவன் ஒருக்கா விசில் ஊதோணும், மறுக்கா ஊதோணும். பட்டாளத்துல இருந்து வந்தவனுக்கு ஊதறதுல ஒரு சொகம். ரேஞ்சு ஆபீசராம். எங்கூட்டுத் தோப்புல மட்டை பொறுக்கறவன் இவனைக் காட்டிலும் மரியாதை தெரிஞ்சவன்.

சுடறதுக்கு வெறும் வயிறுதான் நல்லது, அந்த டீயைக் குடிக்காதீங்க. நான் சொல்றது வேண்டாம்னா விடுங்க.

அந்தப் பச்சைப் பையா? அதுக்குள்ளதான் துப்பாக்கி. தொடாதீங்க. சும்மா பாக்கறதுன்னாலும் வேண்டாம். அது எங்கய்யனுது. நாங்க அப்பாவை அய்யன்னுதான் சொல்லுவோம். நீங்க இந்தப் பக்கத்து ஆளில்லைன்னு பேச்சுலயே தெரியுது. எம்பேரு தெய்வசிகாமணி. பொள்ளாச்சிக்கு மேக்க வெள்ளிங்கிரி தோப்புன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. வெள்ளிங்கிரிதான் அய்யன். தோப்புல வேலை செய்யறது பூரா நான். பேரு மட்டும் இன்னைக்கும் அவருதுதான்.

அவரு முப்பது வருசம் இங்க வந்திருக்காருங்க. ஞாயித்துக்கிழமை வெறும் வயித்துல வருவாரு, அம்பது மீட்டர்ல மூணு குண்டு போடுவாரு. அட்டையைக் கொண்டாரச் சொல்லி, அந்த மூணு ஓட்டை மேல ஒரு காசை வெப்பாரு, பத்து ரூபாய்க் காசு வந்ததுல இருந்து அதை. காசு மூணையும் மூடிட்டா ஊட்டுக்கு வந்து தோசை திம்பாரு. மூடலைன்னா அன்னைக்குப் பட்டினி. காசு மூடாத நாளை நான் பாத்ததில்லீங்க. பாத்ததில்லைன்னா, நானெங்க அவரு கூட வந்தேன்? சொல்லிக் கேட்டதுதான்.

ஏன் வரலைன்னு கேக்கறீங்களா? நீங்க என்ன வக்கீலா? பேச்சுவார்த்தை இல்லீங்க. கடைசி ஆறு வருசம் அவருக்கும் எனக்கும் பேச்சே இல்லை. ஒரே காம்பவுண்டு, ஒரே கெணறு, ஆனா பேச்சில்லை. தென்னைக்குச் சொட்டுநீர் போடலாம்னேன், வாய்க்காத் தண்ணிதான் பாயோணும்னாரு. அம்புட்டுத்தான் விசயம். யாரு பக்கம் நாயம்னு நீங்களே சொல்லுங்க. இன்னைக்குச் சுத்துப்பட்டுல அத்தனை தோப்புலயும் சொட்டுநீர்தான் ஓடுது. எங்க தோப்புல மட்டும் இல்லை. அவரு போனதுக்கப்புறம் எனக்கென்னமோ போடப் புடிக்கலை.

அதை விடுங்க. நான் சொல்ல வந்தது எந்தங்கச்சியைப் பத்தி.

தமயந்தின்னு பேரு. டிரைவிங் ஸ்கூல் நடத்தறா. புருசன் போனதுக்கப்புறம் உடுமலைல இருந்து வந்து இங்க டவுன்ல ஊடு எடுத்துக்கிட்டா. என் கல்யாணத்துல, கூடப் பொறந்தவ நிக்கற இணைச்சீருக்கு என் பக்கத்துல நின்னவ அவதான். அன்னைக்குப் பாக்கோணுமே, அண்ணா அண்ணான்னு அப்படி ஒரு பாசம். அந்த ஆறு வருசமும் ஞாயித்துக்கிழமை ஆனாக் காரைக் கொண்டாந்து அய்யனை ஏத்திக்கிட்டுப் போயிருவா. அவருக்கு மூட்டுவலி, தானா வண்டி ஓட்ட முடியலை. கூட்டிட்டு வந்து படுக்க வெச்சு, எந்திரிக்க வெச்சு, அப்புறம் அவளும் சுடப் படிச்சுக்கிட்டா. நான் மாடில நின்னு கார் போறதைப் பாப்பேன். துப்பாக்கியைத் தட்டிட்டுப் போறதுக்குத்தான் இத்தனை சேவகம்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எங்கூட்டுக்காரி சொல்லுவா, அப்படியெல்லாம் இருக்காதுங்கன்னு. அவளுக்கு யாரைப் பாத்தாலும் நல்லவங்க.

அய்யன் போனாரு. லைசென்ஸ்காரரு போயிட்டா துப்பாக்கி யாரு பேருக்கும் தானா வராதுங்க. ஒருத்தரு பேருக்கு மாத்தோணும்னா மத்த வாரிசு ஆட்சேபம் இல்லைன்னு கையெழுத்துப் போடோணும். அது வரைக்கும் இந்தக் கிளப்புலதான் ஒப்படைச்சு வெச்சிருக்குது. ரேஞ்சுக்குள்ள சுடலாம், வெளிய கொண்டு போகக் கூடாது. வாரிசு நாங்க ரெண்டே பேருதான். ஆம்பளைப் பையன் நான் இருக்கறேன், அது எனக்குன்னு சொல்லத்தான் வேணுமா? கேட்டா, யோசிச்சுச் சொல்றேங்கறா. யோசிக்கறாளாம்!

வருசத் திதி அன்னைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் எலைல உக்காந்திருக்கறப்ப பெரிய மாமா பேச்சை எடுத்தாரு. தமயந்தி பாயசத்தைப் பரிமாறிக்கிட்டே சொல்றா, "ண்ணா, துப்பாக்கியை நீயே வெச்சுக்க. ஆனா ஒருக்கா ரேஞ்சுக்கு வந்து அய்யனாட்டம் மூணு குண்டு போடு. பத்து ரூபாய்க் காசு மூடிருச்சுன்னா அங்கயே கையெழுத்துப் போட்டுத் தாரேன். சுடத் தெரியாத ஊட்டுல அது பீரோவுல தூங்கக் கூடாது."

எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. எப்படி இருக்கும் எனக்கு? காலேஜுல என்.சி.சி.ல நான் வாங்குன மெடல் இன்னும் ஊட்டுல இருக்குது. எனக்குச் சுடத் தெரியாதாமா! எச்சக் கையோட எந்திரிச்சு, ஞாயித்துக்கிழமை வாடின்னு சொல்லிட்டேன்.

வந்தேன். அவளுக்கு முன்னாலயே வந்து, துப்பாக்கியை வாங்கித் தொடச்சேன். ஒரு வருசம் தொடாமக் கெடந்த துப்பாக்கிங்க. மேல ஸ்கோப்பு இருக்குதல்லோ, அதுல மேல ஒரு திருகு, பக்கத்துல ஒரு திருகு. குண்டு மேல போகுதா கீழ போகுதா, இடம் வலம் எப்படிப் போகுதுன்னு பாத்து அந்தத் திருகைத் திருகி நேர் பண்ணோணும். அதைத்தான் ஜீரோ பண்றதுங்கறாங்க. அந்த ரெண்டு திருகுலயும் செவப்பா ஒரு கோடு அப்பியிருந்துது. பாத்தா நகத்துக்குப் போடற சாயம். எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். அய்யன் துப்பாக்கில பொம்பளைச் சாயம் அப்பி வெச்சிருக்கறாளேன்னு, சோப்புல இருந்த பத்து ரூபாய்க் காசாலயே சொரண்டி எடுத்தேன். சுத்தமா எடுத்துட்டேன்.

சோப்புன்னா சட்டைப் பைங்க. எல்லாத்தையும் உங்களுக்கு வெளக்க வேண்டியிருக்குது.

அவ வந்தா. வந்து படுத்தது எங்கங்கறீங்க? அஞ்சாம் நம்பர்ல. நீங்க இன்னைக்குப் படுக்கப் போறீங்களே, அங்கயேதான். கிளப்புத் துப்பாக்கி ஒண்ணு வாங்கிக்கிட்டு, ஸ்கோப்பு இல்லாதது, எண்ணி அஞ்சு தோட்டாவும் வாங்கிக்கிட்டு எனக்கு வலப்பக்கம் கைக்கெட்டுற தூரத்துல படுத்தா. படுத்துக்கிட்டு, "ண்ணா, மொதல்ல அப்படியே மூணு போட்டுப் பாத்துரு. அப்புறம் வேணும்னாத் திருகலாம்"ங்கறா. எனக்குப் பாடம் எடுக்கறா.

அவ மூச்சுக்காத்துகூட எம்மேல படக் கூடாதுன்னு நான் பாயோட கால்மாட்டை இடப்பக்கம் நல்லா இழுத்துப் போட்டேன். அந்தோணிராஜு ஓடியாரான். "சார், கால் அந்தப் பக்கம் போச்சுன்னா குழல் இந்தப் பக்கம் திரும்பும். பாயை நேராப் போடுங்க." உன் வேலையைப் பாருடான்னேன். நாப்பது ஏக்கர் தோப்பை அளந்து நட்டவனுங்க நான். எனக்குக் கோணல் நேர் தெரியாதா?

மூணு குண்டு போட்டேன்.

அதை எப்படிச் சொல்றது உங்களுக்கு. ஸ்கோப்புல கண்ணை வெச்சா அந்தக் கருப்பு வட்டம் முழுசா முன்னால வந்து நிக்குதுங்க. வேற எதுவுமே தெரியலை, பக்கத்து அட்டை, மண்மேடு, ஒண்ணும் தெரியலை. கன்னத்தைத் துப்பாக்கியோட மரத்துல வெச்சேன். தேஞ்சு வழுவழுன்னு இருக்குது, அய்யன் கன்னம் பட்ட எடம். என் கன்னம் அதுல அப்படியே போயி உக்காந்துது. மூச்சைப் புடிச்சேன், விட்டேன். மூணும் நான் அழுத்துனது எனக்கே தெரியாமப் போச்சு. முடிஞ்சுது, காசு மூடிருச்சு, கையெழுத்து வாங்கறோம்னு எந்திரிக்கப் போனேன்.

பக்கத்துல மூணுகால்ல ஒரு டெலஸ்கோப்பு நிக்குமே, அட்டையில எங்க பட்டுதுன்னு பாக்கறதுக்கு? நாலாம் நம்பர் அட்டைக்கு நேரா அந்தோணிராஜு வெச்சுட்டுப் போயிருந்தான். அதுல பாக்கறேன். அட்டை வெள்ளை வெளேர்னு இருக்குது. ஒரு ஓட்டை இல்லை. நடுவுலயும் இல்லை, ஓரத்துலயும் இல்லை.

அப்பத்தான் புரிஞ்சுது. யாரோ ஸ்கோப்பைக் கலைச்சு வெச்சிருக்காங்க. யாரோ என்ன யாரோ? எனக்கு முன்னால அதைத் தொட்டது யாரு? திரும்பிப் பாத்தா அவ அவளோட டெலஸ்கோப்புல கண்ணை வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கறா. பாத்துட்டு, நிமிந்து என்னப் பாக்கறா. மறுக்கா அதுல பாக்கறா. அப்புறம் கையை நீட்டி, "ண்ணா, திருகைத் தொடாத. சித்த இரு, நான் அந்தோணியைக் கூப்படறேன்"ங்கறா.

வாயை மூடுடின்னேன். ஆமாங்க, அத்தனை பேருக்கு முன்னாலதான். திருகைப் புடிச்சுத் திருகுனேன். குண்டு எங்க போகுதுன்னு தெரியாமத் திருகக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குமாக்கும். புஸ்தகம் எழுதுனவனுக்குத் தங்கச்சி இருந்திருக்க மாட்டா. மேல திருகி மூணு போட்டேன், இல்லை. கீழ திருகிப் போட்டேன், இல்லை. இடம் வலம் ரெண்டையும் ஒரு ஆட்டு ஆட்டிட்டேன். அவ "தொடாதண்ணா, தொடாதண்ணா"ன்னு சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் வேகம் வருது. கடைசில அந்தோணிராஜு விசில் ஊதி, எல்லாரையும் துப்பாக்கியைக் கீழ வெக்கச் சொல்லிட்டான்.

நடந்து போயி அட்டையைப் பாத்தோம். நாலாம் நம்பர் அட்டை தச்ச புதுச் சட்டையாட்டம் இருக்குது. திருகித் திருகிப் போட்டது பூரா மண்மேட்டுல. அஞ்சாம் நம்பர்ல எட்டு ஓட்டை. அவ போட்டது அஞ்சு தோட்டா. காலித் தோட்டாவை அந்தோணிராஜு எண்ணிப் பாத்தான், அஞ்சேதான். அஞ்சு ஓட்டை அங்கங்க இருக்குது. மிச்ச மூணு மட்டும் நட்டநடுவுல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, சட்டைப் பொத்தான் அளவுக்கு.

தமயந்தி கைப்பையில இருந்து ஒரு காசை எடுத்து அது மேல வெச்சா. மூடிருச்சு. மூடுறதென்ன, காசுக்குள்ள இன்னும் எடம் இருந்துது.

"ண்ணா, இது உன்னுது. நீ என் அட்டையில போட்டுட்ட. அட்டை மாறுனா என்ன, குண்டு உன்னுதுதானே. குடு, எங்க கையெழுத்துப் போடோணும்?" அப்படீன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா.

உங்களுக்கு இந்தக் கிளப்பு வழக்கம் தெரியாது. அதா, ஆயுத ரூமு வாசல்ல கரும்பலகை தெரியுதுங்களா? அடுத்தவன் அட்டையில சுட்டவன் பேரை அதுல எழுதுவாங்க. ஒரு மாசம் அழிக்க மாட்டாங்க. சுட்டவன் அன்னைக்கு அத்தனை பேருக்கும் வடையும் டீயும் வாங்கித் தரோணும், எல்லாரும் கை தட்டித் தின்பாங்க. முப்பது வருசத்துல எங்கய்யன் பேரு அந்தப் பலகையில ஏறுனதில்லை. அவரு மகன் பேரு ஏறோணுமா? அதுவும் அவ கண்ணு முன்னால? அந்தோணிராஜு சாக்கட்டியைக் கைல எடுத்துட்டான், நான் பாத்தேன்.

"இது நான் சுட்டதில்லை"ன்னேன்.

"அப்ப யாருண்ணா சுட்டது?"

"நீதான் சுட்ட. தோட்டாவை ஒளிச்சு வெச்சுச் சுட்டிருப்ப. எனக்குப் பிச்சை போடப் பாக்கறியா?"

சொன்னேன். சொன்னதுல ஒரு தப்பும் இல்லை. அவ மூஞ்சில அந்தச் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. அப்புறம் மெதுவாச் சொல்றா, "இந்தத் துப்பாக்கில அய்யன் ஜீரோவை வெச்சு நான் எத்தனையோ தடவை சுட்டுப் பாத்திருக்கறேண்ணா. எனக்கு ரெண்டு விரக்கடை கீழதான் விழும். அவருகிட்ட மாத்தி வெச்சுக் குடுங்கன்னு கேட்டா மாத்த மாட்டாரு. இது என் கண்ணுக்கு வெச்சது, சிகாமணிக்கும் என் கண்ணுதான், அவன் வந்து படுத்தா நடுவுல விழும், நீ வேணாப் பாரும்பாரு. அதே மாதிரி விழுந்திருக்குது. எனக்காக வேண்டாம், அவருக்காகவாச்சும் ஆமான்னு சொல்லு."

கேட்டீங்களா? செத்தவரு பேரைச் சொல்லி எப்படி ஆளை மடக்கறா பாருங்க. ஆறு வருசம் எங்கூடப் பேசாதவரு அப்படிச் சொல்லியிருப்பாரா? எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ? மாடிப்படி ஏற முடியலைன்னா கீழ நின்னு கூப்பிட்டிருக்கலாம். நான் எறங்கி வந்திருக்க மாட்டனா?

இருங்க. கண்ணுல தூசி. இந்த மண்மேட்டுல இருந்து எப்பவும் பறக்குது.

அப்புறம் சுடற எடத்துக்குத் திரும்பி வந்து அவ துப்பாக்கியைக் கைல எடுத்தா. எடுத்தவ திருகைப் பாத்துட்டு, "செவப்புக் கோடு எங்கண்ணா?"ன்னா. சொரண்டிட்டேன்னேன். அவ்வளவுதான். அந்தப் பாய்லயே உக்காந்துட்டா. அந்தக் கோடு அய்யன் போடச் சொல்லிப் போட்டதாமா. ஆராவது திருகைக் கலைச்சுட்டாலும் ரெண்டு கோட்டையும் நேருக்கு நேர் கொண்டாந்தா அவரு வெச்ச எடத்துக்கே வந்துருமாமா. இனி எந்த எடம்னு யாருக்கும் தெரியாதாமா. ஒரு சாயத்துக்கு உக்காந்து அழுகறா. டிரைவிங் ஸ்கூல் நடத்தறவ, லாரி டிரைவரை நடு ரோட்டுல நிறுத்தி வையறவ, சின்னப் புள்ளையாட்டம் அழுகறா. நடிப்புன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனக்கறேன்.

போறப்ப கையெழுத்துப் போட்டு அந்தோணிராஜுகிட்டக் குடுத்துட்டுப் போயிட்டா. அப்புறம் என்ன, துப்பாக்கி எனக்குத்தானேன்னு கேக்கறீங்க. எப்படிங்க வாங்கறது? அதை வாங்குனா அந்த மூணு குண்டும் என்னுதுன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும். வர்ற மாசம் வரைக்கும் தவணை. அதுக்குள்ள யாரு பேருக்கும் மாத்தலைன்னா சர்க்கார் எடுத்துட்டுப் போயி உருக்கிருவாங்களாமா. உருக்கட்டும். நானாச் சம்பாரிக்கோணும் அதை. என் அட்டையில, என் நம்பர்ல, மூணு குண்டு போட்டுக் காசை வெச்சு மூடிக் காட்டிட்டுத்தான் வாங்குவேன்.

அதுக்குத்தான் நாலு மாசமா வாரேன். திருகித் திருகிப் பாக்கறேன். ஒண்ணு மேல போகுது, ஒண்ணு மண்ணுல போகுது. சேந்தாப்புல ரெண்டு விழலீங்க. சில நாளு அட்டையில ஓட்டையே இருக்கறதில்லை. அந்தோணிராஜு வந்து, "பத்து நிமிசம் குடுங்க சார், நான் வெச்சுத் தாரேன்"ங்கறான். அவன் வெச்சா அது அவன் கண்ணுக்கு. எனக்கெதுக்கு?

அவளா? அவ இப்பச் சாயங்காலமா வந்துட்டுப் போறாளாமா. எம்மூஞ்சியப் பாக்கப் புடிக்கலையாக்கும். எனக்குந்தான் புடிக்கலை.

இது என்னன்னா கேக்கறீங்க? அந்த அட்டைங்க. சோப்புலயே இருக்குது. கிளப்புல குப்பையில போட்டுருவாங்களேன்னு எடுத்தேன், வேற ஒண்ணுமில்லை. பாருங்க, ஓரத்துல மட்டும் புடிச்சுப் பாருங்க. அந்த நடு மூணைப் பாருங்க. கத்தியால வெட்டுன மாதிரி இருக்குது பாத்தீங்களா? முப்பது வருசம் சுட்டவரு போட்டாத்தான் இப்படி விழும். அவ போட்டதுதான், நான் சொன்னேனல்லோ. போதும், குடுங்க. கை வேர்வை படும்.

விசில் ஊதிட்டான். வாங்க, போலாம். உங்க பாயை நேராப் போட்டுக்கங்க, நான் எம்பாயை என் இஷ்டத்துக்குத்தான் போடுவேன். அது என் பழக்கம்.

ஒரு நிமிசம், சித்த நில்லுங்க. உங்களுக்கு எத்தனை தோட்டா குடுத்தாங்கன்னு எண்ணி வெச்சுக்கங்க. உங்க அட்டையில அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு ஓட்டை இருந்துதுன்னா, நடுவுல இருந்துதுன்னா, எங்கிட்ட வந்து சொல்லுங்க.

சத்தமாச் சொல்ல வேண்டாம். அந்தோணிராஜுக்குக் கேக்காம, காதுகிட்ட வந்து சொன்னாப் போதும்.